பசித்த வரிசை

என் அக்கா ஒரு கல்லூரியின் உளவியல் துறையில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் அவளுக்கு எலி டீச்சர் என்று பெயர். மனசைப் படிக்கிறவர்கள் காலத்துக்குக் காலம் மாறியதை அவள் தூசி தட்டியே தெரிந்துகொண்டாள். விளக்கு எரிந்ததும் ஆள் எவ்வளவு சீக்கிரம் பொத்தானை அழுத்துகிறான், உள்ளே என்ன தோன்றியது என்று கேட்ட காலத்துக் கடிகாரங்கள் அலமாரியில் கிடந்தன. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆட்களைச் சாயவைத்துக் கனவு கேட்ட மெத்தையில் இப்போது தீவன மூட்டைகள். இப்போதைய பேராசிரியருக்குக் கனவும் வேண்டாம், மனசும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற நடத்தை போதும். வயிறுதான் வாத்தியார் என்பார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்த பெண்ணுக்கு அதில் சம்மதமில்லை. பசி இல்லாவிட்டாலும் எலி வழியைத் தலைக்குள் வரைந்து வைத்துக்கொள்ளும் என்றாள். அதை நிரூபிக்க, மேல் வரிசைக் கூண்டுகளுக்கு வயிறு நிறையத் தீனி, கீழ் வரிசைக்கு அரைவயிறு. சந்து சந்தாகத் தடுத்த மரப்பெட்டிக்குள் இரண்டையும் விட்டு, எது முதலில் வழி கற்கிறது என்று பார்த்தாள்.

இரண்டும் ஒன்றுபோலவே கற்றன. அவள் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வெளியூர்க் கருத்தரங்கில் பெரியவர்கள் முன்னால் சொல்வதாக ஏற்பாடு.

அன்று அக்கா தட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். என்னவென்று கேட்டேன். கீழ் வரிசை எலிகள் கம்பியைக் கடித்தபடி பார்ப்பது பொறுக்காமல், கூண்டு கழுவும்போதெல்லாம் ஒரு பிடி தீனி போட்டு வந்திருக்கிறாள்.

"சொன்னா என் வேலை போயிடும்டி. சொல்லலைன்னா அந்தப் பொண்ணு பேரு கெட்டுடும்."

மறுநாள் அவளிடமே சொல்லிவிட்டாள். விளையாட்டு என்று நினைத்து அந்தப் பெண் முதலில் சிரித்தாளாம். பிறகு மெதுவாகக் கேட்டிருக்கிறாள்: "அப்போ ரெண்டு வரிசைக்குமே வயிறு ரொம்பிதான் இருந்துச்சாக்கா?"

அக்கா தலையாட்டினாள்.

கருத்தரங்குக்கு அந்தப் பெண் போகவில்லை. தீனி அளவில் தானே கவனக்குறைவாக இருந்துவிட்டதாகப் பேராசிரியரிடம் சொன்னாள். எலி கற்ற அளவுக்குக்கூட நீ கற்கவில்லையே என்று அவர் எல்லோர் முன்னாலும் கேலி செய்தபோது, அக்கா இரண்டடி தள்ளித் தண்ணீர்ப் புட்டி மாற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது புது எலிகள் வந்திருக்கின்றன. அந்தப் பெண் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். தீனிப்பெட்டிச் சாவியை அக்கா அவளிடமே கொடுத்துவிட்டாள்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும்," என்கிறாள் அக்கா. "அவ என்னடான்னா, தினமும் சாப்டீங்களாக்கான்னு கேட்டுட்டுப் போறா."