முதலாவது இடத்தில் எதைப் போடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு செட்டிபாளையத்தில் உள்ள தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மகள் தர்ஷிகாவுக்கு ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தில் இப்படி வேலை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள் – பத்தி எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

அவளுக்கு மிருக வைத்தியம் படிக்க ஆசை. போன மாரியில் வீட்டுப் பசு கன்று ஈன முடியாமல் செத்தபோது, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் அவள். ஆனால் அந்தப் படிப்புக்கு, தூரத்தில் மலைநாட்டில் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். புள்ளியோ எல்லைக்கோட்டில். கிடைத்தாலும் கிடைக்கலாம்.

விரும்பும் பாடநெறிகளை வரிசைப்படுத்தும் இடம் வந்ததும் தம்பி குறுக்கிட்டான்.

“அக்கா, முதலாவதா இஞ்ச பக்கத்தில இரிக்கிற வந்தாறுமூலை கம்பஸ் சயன்ஸப் போடுங்க. பேராதனையக் கீழ போடுவம். கிடைச்சா கிடைக்கட்டும்.”

ஐயோ! எத்தனை வீடுகளில் இந்தப் பிழை நடக்கிறது? அனுமதி கொடுப்பவர்கள் இந்த வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். புள்ளி எட்டுகிற முதல் இடத்தைத் தந்துவிடுவார்கள். அதற்குக் கீழே உள்ளதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டு, பின்னால் வரும் பஸ்ஸிலும் சீட் கேட்க முடியுமா? பொறுமையாக விளக்கினேன்.

“அது எனக்கும் தெரியும் அக்கா” என்றான்.

தர்ஷிகா தகப்பனையே பார்த்தாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். அடுத்த வளவில் பாதிச் சுவரோடு ஒரு வீடு. எங்கள் பக்கத்தில் மகள் பிறந்தால் அவளுக்குச் சீதனமாக ஒரு வீடு கட்டுகிற கவலையும் கூடவே பிறந்துவிடும்.

“இவள் அங்கால போய் அங்கேயே இருந்திட்டா... இத ஆருக்குக் கட்டுற?”

கோபப்பட வாயெடுத்த நான் அடங்கிப்போனேன். பாவம், பயம். பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். கூப்பிடு தூரத்துக்குள் முன்னேறினால் நல்லது என்பதை மட்டும் சொல்வதில்லை... இல்லையா?

அதுவரை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தம்பி மனைவி தலையை நீட்டினாள்.

“நீங்க கட்டுற வேகத்துக்குக் கூரை ஏற அஞ்சாறு வருசம் செல்லும். அதுக்குள்ள புள்ள படிச்சி முடிச்சி வந்திடுவாள்!”

தர்ஷிகா சிரித்துவிட்டாள். “வந்திடுவன் அப்பா. இஞ்ச இரிக்கிற மாடெல்லாம் ஆரு பாக்கிற?”

தம்பி அந்தப் பாதிச் சுவரை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தான்.

“சரி... பேராதனைய மேல போடு புள்ள” என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். “அக்கா, அந்தப் புது வீட்டுக்கு முன்னால ஒரு அறை கூட்டிப் போட்டா என்ன? மாட்டு டொக்டருக்கு வேணுமே.”

ஆக, கூரை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகிறது!