பாய் வீட்டுக் கல்யாணமும் கார்த்திகை நட்சத்திரமும்

ஆம்பூரில் என்னைவிடப் பெரிய முட்டாள் யாராவது இருந்தால் மன்னிக்கவும். மிச்சமிருந்த ஒரே கண்ணாடித் தகட்டில் கார்த்திகை நட்சத்திரங்களைப் படம்பிடிக்க மாடியேறினேன். பக்கத்துத் தோல்மண்டி பாயின் மகளுக்குக் கல்யாணம். பந்தலின் காஸ் விளக்குகளில் வானமே வெளுத்திருந்தது. பாயிடம் கெஞ்சினேன்.

“அணைக்கச் சொல்றேன். முடிஞ்சதும் குரல் குடு, தோஸ்த்” என்றார்.

அரை மணி நேரம் கேமராவைத் திறந்துவைத்துப் படம் பிடித்ததும், ஆசையில் நேரே இருட்டறைக்குள் ஓடித் தகட்டைக் கழுவினேன். நட்சத்திரம் ஒன்றுகூடப் புள்ளியாக இல்லை, எல்லாம் கோடு! தலைசுற்றியது. ஈரத் தகட்டோடு பந்தலுக்கு ஓடினேன். அங்கே விருந்தாளிகள் இருட்டில் பிரியாணியைத் தடவித் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பாய், கேமரா ஆடல, நானும் ஆடல. அப்ப இன்னாதான் ஆடுச்சு?”

இருட்டுக்குள்ளிருந்து பாய் கேட்டார்:

“இப்பவாச்சும் வெளக்க ஏத்தலாமா?”