கடைசி அப்பம்

செண்பகனூர் சாலையோரத்தில் அவித்த சோளம் விற்கும் கித்தேரியம்மாளுக்கும் பக்கத்துக் கடை ரெஜினாவுக்கும் வாரம் முழுக்கச் சண்டை. சுற்றுலாக்காரர்களை யார் முதலில் கூப்பிடுவது என்பதுதான் வழக்கு. ஆனால் ஆண்டவரின் உடலாகப் பூசையில் சாமியார் தரும் அப்பத்தை, அந்த நன்மையை, மனத்தாங்கலோடு வாங்கக் கூடாது என்பதில் கித்தேரியம்மாள் கறார். மாதா கோயிலில் ஞாயிறு பூசையின்போது ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் ஓடிப்போய் ரெஜினாவின் கையைப் பிடிப்பாள். பிறகுதான் நன்மை வாங்கும் வரிசையில் நிற்பாள்.

இது தெரிந்த ரெஜினா, ஒரு ஞாயிறு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கித்தேரியம்மாள் கோயில் முழுக்கத் தேடினாள். வரிசை முடியப்போகும்போது பொறுமை போய்க் கத்திவிட்டாள்.

“ஏடி ரெஜினா, வெளிய வா! வெரசா கையைக் குடு, நான் நன்மை வாங்கணும்!”

கோயிலே சிரித்தது. ரெஜினா எட்டிப் பார்த்தாள். “நேத்து என் கிராக்கியை இழுத்தது தப்புன்னு சொல்லுங்கக்கா.”

“தப்புத்தான்டி. குடு!”

கைகோத்தபடி இருவரும் ஓடினார்கள். பாத்திரத்தில் ஒரே அப்பம்தான் மிச்சம். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைப் பிட்டு இருவருக்கும் கொடுத்தார். அந்தக் கணத்தில் கித்தேரியம்மாளுக்கு நிஜமாகவே கோபம் இல்லை.

வாசலுக்கு வந்ததும் முணுமுணுத்தாள். “உனக்குத்தான் பெரிய துண்டு.”

“எந்தத் துண்டுலயும் ஆண்டவரு முழுசாத்தாங்கக்கா இருக்காரு.”

“அது தெரியும்டி. இருந்தாலும் உனக்குத்தான் பெருசு.”