திலகா மூடாத பெட்டி

புக்கிட் ரோத்தான் ஊர்த் திலகாவுக்குக் கோபம் சீக்கிரம் வராது; வந்தால் நாற்பது வருடமானாலும் போகாது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டு, பத்தொன்பது வயதில் ரவாங் தொழிற்சாலைக்கு பஸ் ஏறியவள். அங்கே ஆசிலோஸ்கோப் செய்தார்கள். மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் பெட்டி அது. புது மாடல் ஒன்று இன்ஜினியர்களைப் பாடாய்ப் படுத்தியது. அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் கோடு கீழே நழுவும். தலைமை இன்ஜினியர் நடராஜாவும் அவருடைய ஐந்து ஆட்களும் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சோதனை மேசையில் இருந்த திலகாதான், சின்ன ரெசிஸ்டர் ஒன்று சூடாகும் டிரான்ஸ்பார்மரை ஒட்டி இருப்பதைக் கண்டாள். கழற்றி மறுகோடியில் வைத்தாள். அதன்பின் எவ்வளவு சூடேறியும் கோடு அசையவில்லை.

சோதனைப் பெட்டியில் எதை மாற்றினாலும் உள்மூடியில் ஒட்டிய சீட்டில் எழுத வேண்டும். இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். அவள் எழுதினாள். நடராஜா பெட்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ திருகாணி முடுக்க வந்தவ. யோசிக்கிறது எங்க வேல," என்றார்.

பழையபடி மாற்றச் சொல்லி எழுதிக் கையெழுத்தும் போட்டார். வயிற்றெரிச்சலில் அவள் மாற்றாமலேயே மூடி ஸ்டோருக்கு அனுப்பினாள். அடுத்த மாதம் அதே மாற்றம் அவர் பெயரில் வரைபடத்தில் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்குப் பதவி உயர்வு. திலகாவுக்கு ஓய்வு பெறும்வரை அதே மேசை.

சென்ற மாதம் அந்த மாடலுக்குத் தொழிற்சாலை விழா எடுத்தது. ஏற்பாட்டாளர் ஷர்மினி பழைய தொழிலாளர்களையும் அழைத்திருந்தாள். சுவரில் 'உருவாக்கிய குழு' என்று ஆறு ஆண்களின் பெயர்கள். மேசையில் ஸ்டோரிலிருந்து எடுத்த சோதனைப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கோடு நகரவே இல்லை, எல்லாம் தன் மூளை என்று நடராஜா அளந்துகொண்டிருந்தார்.

பெட்டியின் எண்ணைப் பார்த்ததும், தான் மாற்றாமல் மூடி அனுப்பிய அதே பெட்டி என்று திலகாவுக்குத் தெரிந்துவிட்டது. தன் பெயர் ஏன் இல்லை என்று ஷர்மினியிடம் கேட்டாள்.

"ரெக்கார்டு எதுவும் இல்லையே ஆன்ட்டி."

திலகா சுவிட்சை அணைத்தாள். அங்கே கிடந்த திருப்புளியால் நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். மஞ்சளேறிய சீட்டை ஷர்மினி எல்லாருக்கும் கேட்கப் படித்தாள். மேலே: ரெசிஸ்டரை இடம் மாற்றினேன், கோடு நகரவில்லை, திலகா. கீழே: வீண் வேலை, பழைய இடத்திலேயே வை, நடராஜா. ரெசிஸ்டர் இன்னும் திலகா வைத்த இடத்தில்தான் இருந்தது.

எல்லார் கண்ணும் நடராஜா மேல் திரும்பியது.

"அதெல்லாம் பழைய கத லா. மூடும்மா," என்றார்.

திலகா நான்கு திருகாணிகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"திருகாணி முடுக்க வந்தவதான் சார் நான். இன்னிக்கு முடுக்க மனசில்ல."