அடைப்பு இல்லாத நெஞ்சடைப்பு

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நான் கடலூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். போன ஆண்டு லெந்து என்னும் தவக்கால நாட்களில் என் மனைவி இறந்துபோனாள். அடக்க ஆராதனையில் என் கண் கலங்கியதைச் சபை மூப்பர் பார்த்துவிட்டார். அவர் எனக்கு மருமகன் முறை.

"விசுவாசி அழக்கூடாது மாமா. அவுங்க பரலோகத்துல இருக்காங்க."

ஸ்தோத்திரம் சொல்லி அடக்கிக்கொண்டேன்.

அடுத்த மாதமே நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுவேன். சோறு இறங்காது. எந்நேரமும் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். மாரடைப்புதான் என்று முடிவு செய்தேன். சபையிலும் மாரடைப்பு என்றே சொல்லி எனக்காக ஜெபித்தார்கள். நான் சண்டை போட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, ஒன்று இந்த அடைப்பை எடும். இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்."

சிதம்பரத்தில் ஒரு பெண் இதய மருத்துவரைப் பார்த்தேன். ஈ.சி.ஜி., எக்கோ, கடைசியில் ஆஞ்சியோகிராம்.

"அடைப்பு எங்கயும் இல்ல ஐயா," என்றார் அந்த மருத்துவர்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப எனக்கு வலிக்கறது பொய்யா?"

"வலி நெஜம்தான். வூட்டுக்காரம்மா தவறிட்டாங்கன்னு சொன்னீங்களே, அப்புறம் அழுதீங்களா?"

"நாங்க விசுவாசிங்க. அழமாட்டோம்."

"யாரு போட்ட சட்டம் அது?"

அடக்கிய துக்கம் தூக்கத்தையும் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கெடுக்கும் என்று விளக்கினார். மாத்திரை எழுதி, மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைக்கப் போனேன். அது என் மனைவி உட்காரும் இடம். உடைந்துவிட்டேன்.

கண்டக்டர் வந்தார். "இன்னா பெருசு, டிக்கெட்ட தொலச்சிட்டியா?"

"பொண்டாட்டிய."

"செரி, அழுவு. கடலூர் வந்தா நான் சொல்றேன்."

கடலூர் வரை அழுதேன். இறங்கியபோது நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட முடிந்தது. என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான்.

அந்த ஞாயிறு ஆராதனையிலும் அழுதேன். மூப்பர் காதோரம் குனிந்தார். "இன்னா மாமா, சபைல அழுதா பாக்கறவங்க முன்னால நம்ம விசுவாச சாட்சி கெட்டுப்போவாதா?"

"இதான் மாப்ள என் சாட்சி."

தன் நண்பனின் கல்லறை வாசலில் அழுத ஆண்டவரைத்தான் நான் தொழுகிறேன். எனக்கு மட்டும் எதற்குத் தடை? மாத்திரை போடுகிறேன். ஆலோசகரிடம் போகிறேன். ஜெபிக்கிறேன். அழுகிறேன். இந்த நான்கில் எதையும் யாருக்காகவும் விடமாட்டேன்.

நெஞ்சு அடைக்கிறவர்கள் முதலில் மருத்துவரிடம் போங்கள். பிறகு ஆராதனைக்கு வாருங்கள். முன்வரிசையில்தான் இருப்பேன். என்னோடு உட்காருங்கள். சத்தமாகவே அழலாம். கேட்கிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.