பாடகிக்குக் குரல் போன ஞாயிற்றுக்கிழமை

சிட்னிக்கு வந்த புதிதில் கிரவீன் என்ற புறநகரில் நண்பர்களோடு ஒரு வீட்டில் இருந்தேன். வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் வாங்கினேன். விற்ற பெண் சாவியைக் கையில் தந்துவிட்டு, "சீடி ஒன்று உள்ளே சிக்கிக் கிடக்கிறது. எவ்வளவு முயன்றும் வெளியே வரவில்லை. குறை நினைக்காதீர்கள்" என்றாள். வானொலியும் வேலை செய்யவில்லை. காரில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்த ஒரே சீடியைத்தான் கேட்க வேண்டும் என்றாகிவிட்டது.

முதலில் எரிச்சலாக இருந்தது. கிற்றார் பின்பக்கமாக நடந்து வருவது போல ஒலித்தது. ஓர்கன் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. ஒரு பெண் அவசரமே இல்லாமல், பாதி கனவில் இருப்பவளைப் போலப் பாடினாள். சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் நல்ல மழை. நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவே இல்லை. அன்றுதான் நாலாவது பாட்டின் சொற்கள் விளங்கின. காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடையில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் சுற்றும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவை மெல்ல மெல்லக் கிரகங்களாகின்றன. அவ்வளவுதான் பாட்டு. நானும் சனிக்கிழமைகளில் அப்படியொரு கடையில்தான் பேச யாரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தனிமையைப் பாட்டாக்கலாம் என்று ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். பின்னால் நின்ற லொறி ஹோர்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தேன்.

சீடி வெளியே வராததால் குழுவின் பெயர் தெரியாது. பாட்டின் ஒரு வரியை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். இங்கிலாந்தின் ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த நால்வர். பாடுவதும் ஓர்கன் வாசிப்பதும் அக்கா. கிற்றார் தம்பி. பேஸ் கிற்றாருக்கும் டிரம்ஸுக்கும் பள்ளிக்கூடத்து நண்பர்கள். என் காரில் இருந்தது அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு.

அதன் பிறகு அவர்களின் வாழ்க்கையை விடாமல் பின்தொடர்ந்தேன். முதல் தொகுப்பைச் சில பத்திரிகைகள் தலையில் வைத்துக் கொண்டாடின. ஆனால் அதிகம் பேர் வாங்கவில்லை. இரண்டாவது தொகுப்பு வெளிவரும் முன்பே அவர்களை வெளியிட்ட இசை நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அடுத்த சில வருடங்களில் வயதில் இளைய வேறொரு குழு கிட்டத்தட்ட இதே ஒலியோடு வந்து மைதானங்களை நிரப்பியது. அதைப் பற்றி ஒரு பேட்டியில் கேட்டபோது பாடகி, "அவர்களுடைய டிரம்ஸ் எங்களுடையதைவிட நன்றாகப் பதிவாகியிருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

நான் அவரை மதிக்கத் தொடங்கியது அந்தப் பதிலில்தான். அவர்கள் பிரியவில்லை. அக்கா பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பித்தார், தம்பி பஸ் ஓட்டினார். டிரம்ஸ்காரர் தாதியாகப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். லீவு கிடைக்கும்போதெல்லாம் கூடி, சில வருடங்களுக்கு ஒன்றாகத் தொகுப்புகளைத் தாங்களே வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட விநோதமாகவும் இனிமையாகவும் இருந்தது.

இதற்குள் நான் கல்யாணமாகி மெல்பேர்னுக்கு வந்து வெரிபீயில் வீடு கட்டியிருந்தேன். தினமும் நகரத்துக்கு ரயில் பயணம். காதில் அவர்கள்தான். என் மனைவி அவர்களை "உங்கட ஆக்கள்" என்பாள். அவளைத் தவிர அந்தக் குழுவைத் தெரிந்த ஒருவரைக்கூட இந்த நாட்டில் நான் சந்தித்ததில்லை.

போன வருடம் அவர்கள் முதல் தடவையாக ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். மெல்பேர்னில் ஒரு பப்பின் பின்பக்க மண்டபத்தில், ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபம் சிறியது, முக்கால்வாசி நிறைந்திருந்தது. நால்வரும் மேடைக்கு வந்ததும் மனைவி என் காதுக்குள், "என்னப்பா, பள்ளிக்கூடத்து டீச்சர்மார் மாதிரி இருக்கினம்" என்றாள்.

தம்பி ஒலிவாங்கியின் முன்னால் வந்தார். "அக்காவுக்கு விமானத்தில் தொண்டை கட்டிவிட்டது. பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் வாசிக்கிறோம். பாட்டுத் தெரிந்தவர்கள் பாடுங்கள். போக விரும்புகிறவர்களுக்கு வாசலில் காசைத் திருப்பித் தருவார்கள்."

ஒருவரும் எழும்பவில்லை. பாடகி கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஓர்கனில் உட்கார்ந்தார். தோய்க்கும் கடைப் பாட்டு தொடங்கியது. குரல் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கடந்து போனது. பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டாவது அடியில் சுவரோரம் நின்ற ஒரு தாடிக்காரர் மெதுவாகப் பாடத் தொடங்கினார். பிறகு இன்னொரு பெண். பிறகு எங்களுக்கு முன்னால் ஒரு வரிசையே பாடியது.

மனைவி என்னை இடித்தாள். "பாடுங்கோவன். காருக்குள்ள பாடுறனீங்கள்தானே."

"இஞ்சயோ?"

"ஓம், இஞ்சதான். பிறகு எங்க?"

பாடினேன். எல்லோரும் 'கரண்டி' என்ற இடத்தில் நான் மட்டும் உரத்து 'நிலா' என்றேன். ஆங்கிலத்தில் ஸ்பூன், மூன் இரண்டும் ஓசையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இத்தனை வருடமும் பிழையாகக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உங்களுடையது இன்னும் நல்லாயிருக்கிறது" என்றார். அடுத்த தடவை அந்த இடம் வந்தபோது அவரும் என்னோடு சேர்ந்து 'நிலா' என்று பாடினார்.

பாடகி எங்களைப் பார்த்தபடியே வாசித்தார். ஒரு கட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. ஆனால் விரல்கள் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

நிகழ்ச்சி முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த பேஸ் கிற்றார்காரரிடம், "இவ்வளவு காலம் நிறுத்தாமல் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் வயரைச் சுற்றியபடியே சொன்னார்: "நிறுத்துவதைப் பற்றிப் பேச ஒருநாள் கூடினோம். கூடினால் சும்மா இருக்க முடியாதே, ஏதோ வாசித்தோம். அதில் ஒரு பாட்டு வந்துவிட்டது. பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை."

வீட்டுக்கு வரும் வழியில், வெரிபீயை நெருங்கும்போது மனைவி கேட்டாள்: "சிட்னியிலயும் பாடுகினமோ?"

"ஓம். வாற கிழமை."

"அப்ப ரிக்கற் எடுங்கோ. அந்த மனுசியின்ர குரலைக் கேக்காம எப்பிடி இருக்கிறது?"

கிரவீனில் இன்னமும் இருக்கும் நண்பன் வீட்டில் தங்கி நிகழ்ச்சிக்குப் போனோம். பாடகியின் தொண்டை சரியாகியிருந்தது. சீடியில் கேட்ட குரல் அல்ல அது. நன்றாகத் தடித்து, இறங்கி, உயர்ந்த சுருதிகளை எட்டாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டது. பழைய பாட்டுகளை இந்தப் புதிய குரலுக்கு ஏற்ப மெதுவாக்கி, அவர் கூச்சமில்லாமல் பாடினார். எனக்கு அது இன்னும் பிடித்திருந்தது. மனைவி முதல் பாட்டிலேயே என் கையைப் பிடித்தவள், அது முடியும்வரை விடவில்லை.