புதுத் தொப்பி ஆகாது

எனக்குச் சந்தேகப் புத்தி. மற்றவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். பால்காரி செம்பைச் சாய்த்தால் அவள் கட்டைவிரல் படியின் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் என் முந்தானையைச் சரிபார்ப்பேன். கோயிலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் ஒரு கண்ணைத்தான் மூடுவேன். மற்றவர்கள் மூடியிருக்கிறார்களா என்று யாராவது பார்க்க வேண்டாமா? நாங்கள் கிறிஸ்தவர்கள். வேதக்காரர்களுக்குச் செய்வினையும் கண்ணேறும் இல்லை என்று உபதேசியார் மாதம் ஒருமுறை சொல்வார். மாதம் தவறாமல் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அது எங்களுக்குள் எவ்வளவு இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்களுக்குக் கம்பளி நூலில் பின்னக் கற்றுக்கொடுத்தார். கழுத்தில் வியர்வை வழிய உட்கார்ந்து குளிர்த் தொப்பி பின்னினோம். எங்கள் பக்கம் அதற்கு வேலை மார்கழி, தை இரண்டு மாதம்தான். மலையோரப் பனிக்கு அப்பாவுக்கு ஒரு தொப்பி, மாமாவுக்கு ஒரு மஃப்ளர் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் கையால் ஏதாவது பின்னிக் கொடுப்பேன். எல்லோரும் பெருமையாகப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். ஆராதனை பாதியில் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள்.

கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் வேலை. ஒரே வீட்டில் அவர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி, அவர்களுடைய நாலு பிள்ளைகள். மாமியார் இறந்து வெகுநாளாகியிருந்தது. ஆக, அடுப்படியில் இரண்டே பெண்கள், நானும் ஓரகத்தியும். அவளை அக்கா என்று கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர்கள் வைத்திருந்தேன்.

வந்த வருஷமே வீட்டில் எல்லோருக்கும் பின்னினேன். வீட்டுக்காரர் விடியற்கால ஷிப்டுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போவார். அண்ணன் மஃப்ளரைக் கழுத்தைவிட்டு இறக்கவே மாட்டார். அக்காவுக்கு மட்டும் ஒரு சால்வை. "நல்லாருக்கு" என்று சொல்லிப் பெட்டியில் வைத்தாள். ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. அன்றிலிருந்தே அவள்மேல் எனக்கு ஒரு கண்.

முதல் பிள்ளை உண்டானதும், வெள்ளைக்கார அம்மாள் சொல்லிக்கொடுத்தபடி, பிறப்பதற்கு முன்பே தொப்பி, காலுறை எல்லாம் பின்னத் தொடங்கினேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, பொறக்காத பிள்ளைக்கு என்னத்தப் பின்னுத? புதுசு ஆவாது. நாலு பிள்ளை போட்டு நைஞ்ச பழந்துணியிலதான் ஏந்தணும்."

"துணின்னா பழசு கெடைக்கும் அக்கா. கம்பளித் தொப்பிக்குப் பழசுக்கு எங்க போவ? இந்தத் தெருவுல தொப்பி பின்னுதவ நான் ஒருத்திதான்" என்று சிரித்தேன். "நாம வேதக்காரங்க. அதெல்லாம் பாக்கப்படாது."

அந்தப் பையன் ஒன்பது நாள் இருந்தான். தொப்பியோடுதான் அடக்கம் செய்தோம். அடுத்தவளுக்கும் பின்னினேன், பிடிவாதமாக. அவள் மூச்சில்லாமலே வந்தாள். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. 'இவள் நாலு பெற்றாள், நாலும் உயிரோடு நிற்கிறது. என்னுடையது மட்டும் ஏன் நிற்கவில்லை?' என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனைக்கு ஒரே ஒரு வாசல்தான், அது அவள் பக்கம்தான் திறந்தது.

மூன்றாவது முறை உண்டானபோது பின்னல் ஊசிகளைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்த ஒரு சிவப்புக் கம்பளி நூல்கண்டு பிரிக்காமலே இருந்தது. அதையும் உள்ளே தள்ளினேன். இந்தப் பிள்ளை நிற்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தேன்.

அது யுத்த காலம். சிப்பாய்களுக்குத் தொப்பி பின்னித் தரவேண்டுமென்று கோயில் பெண்களிடம் காக்கிக் கம்பளி நூல் கொடுத்தார்கள். அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்லிக் கொடுட்டி. நீ தொட வேண்டாம். வாயால சொல்லு, நான் பின்னுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஊசியைத் திரும்பிப் பார்க்காதவளுக்கு இப்போது என்ன அக்கறை? நான் தொடக் கூடாதாமே, ஏன்? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நினைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தொப்பி பின்னினாள். இரண்டும் கோணல். அதைப் போட்ட சிப்பாய்க்கு எதிரி எந்தப் பக்கம் என்றே தெரிந்திருக்காது.

ஆவணி பிறந்த சமயம். ஏதோ எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு நூல்கண்டைக் காணோம்.

வீடு முழுக்கத் தேடினேன், ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எடுத்தவர் உஷாராகிவிடுவார்கள் அல்லவா? பத்து நாள் கழித்து அது தானாகவே வெளியே வந்தது. அக்காவின் கடைக்குட்டி, மூன்று வயசுப் பெண், தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பியோடு முற்றத்தில் நடந்து வந்தது. தொப்பி கோணல். பின்னியது யாரென்று கேட்க வேண்டியதே இல்லை.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அந்த வருஷமும் காய்ந்தது. கிணற்றடிக் கல்லில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலில் பிள்ளை தலையில் கம்பளி! அது அழும், பிய்த்துப் பிய்த்து எறியும். அக்கா எடுத்துத் திரும்பவும் மாட்டுவாள். தூங்கும்போதும் தொப்பிதான். நெற்றி முழுக்க வேர்க்குரு சிவந்திருந்தது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா? செய்கிறாள் என்றால் காரணம் இருக்க வேண்டும். என் நூல், என் பிள்ளைக்கு வரவேண்டிய நூல், அவள் பிள்ளை தலையில் ஏறினால் என்ன அர்த்தம்? என் பிள்ளையின் பங்கை அவள் பிள்ளை எடுத்துக்கொண்டது என்றுதானே? அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். வேதக்காரி போட்ட கணக்கு.

அவள் என் வயிற்றை வேறு அடிக்கடி பார்த்தாள். அதுவும் சேர்ந்துகொண்டது. மருந்து வைத்துவிடுவாளோ என்று அவள் ஆக்கிய சோற்றைச் சாப்பிடுவதை நிறுத்தினேன். பின்கட்டில் தனியாக அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். "வயித்தைப் புரட்டுது, மசால் வாசம் ஆகல" என்று ஒரு சாக்கு. முதல் நாள் எனக்கென்று அவள் போட்டு வைத்த சோறு அப்படியே கிடந்தது. இரண்டாம் நாளும் போட்டு வைத்தாள். அதையும் நான் தொடவில்லை என்று கண்டதும் புரிந்துகொண்டாள். முகத்தில் தெரிந்தது. மூன்றாம் நாள் எனக்கென்று போட்டு வைக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒனக்குக் கிறுக்கு முத்திப் போச்சுட்டி. மதினி அப்படிப்பட்டவியளா?" என்று மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

ஐப்பசியில் என் அம்மா என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு கிணற்றடியில் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் நின்றது, தொப்பியோடு. எனக்குப் பொறுக்கவில்லை.

"அது என் நூல்."

"ஆமா. ஒன் நூல்தான்."

"கேட்டிருந்தாத் தந்திருப்பேன்ல?"

"கேட்டா ஆவாது" என்றாள், அலசுவதை நிறுத்தாமல்.

என்ன திமிர்! அந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததைக் கொட்டினேன். "என் ரெண்டு பிள்ளையத் தின்னது காணாதாக்கும்? இதுக்கும் வாயத் தெறந்துக்கிட்டு நிக்கியா?"

அக்கா கையிலிருந்த துணியைக் கல்லில் வைத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தொப்பியைச் சரியாக இழுத்துவிட்டு, உள்ளே போய்விட்டாள். நான் ஊருக்குக் கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை. பஸ்ஸுக்குப் புறப்படும்போது வாசலுக்கு வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில், மம்சாபுரத்திலிருந்து வந்த மருத்துவச்சி கையில், என் மகள் பிறந்தாள். வீல் என்று கத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் முகமெல்லாம் புகையோடு வந்திறங்கினார். கையில் ஒரு மூட்டை. "மதினி குடுத்து விட்டாவ" என்றார். பிரித்தால், துவைத்துத் துவைத்து நைந்த பழந்துணிகள். அவற்றின் நடுவில் அந்தச் சிவப்புத் தொப்பி.

"பிள்ளை மேல பட விடாதீங்க!" என்று கத்தினேன். எடுத்ததைத் திருப்பி அனுப்புகிறாள் என்றால் சும்மாவா அனுப்புவாள்? உள்ளே ஏதோ வைத்துப் பின்னியிருக்கிறாள். பச்சை உடம்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முடிச்சைத் தேடிப் பிடித்து, உருவத் தொடங்கினேன். வரிவரியாகப் பிரிந்து வந்தது. நாலு வரி போனதும் அகப்பட்டது. முடி.

"பாத்தீங்களா! முடி வச்சிருக்கா! நான் சொன்னேன்ல?"

அம்மா நூலை வாங்கி விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலால் நீவினாள். முகர்ந்தாள். "இது வச்ச முடி இல்லட்டி, உதுந்த முடி. நூலு பூராவும் இருக்கு. பச்சப் பிள்ள முடி. வேப்பெண்ணெய் வாசம் வேற அடிக்கி."

"மதினியோட கடைக்குட்டிக்குத் தலையெல்லாம் கொப்புளம்" என்றார் வீட்டுக்காரர். "வேப்பெண்ணெய் போட்டும் கேக்கல. மொட்டை அடிச்சாச்சு. கழத்திப் போடுட்டின்னு அண்ணன்கூட ஏசிட்டாவ. மதினி கேட்டாத்தான? மூணு மாசமா அது தலைய விட்டு எறங்கல. இப்பம் குடுத்து விடும்போது, தொவைக்காமப் போடணும்னு சொல்லச் சொன்னாவ."

 பழந்துணி கிடைக்கும், கம்பளித் தொப்பிக்குப் பழசுக்கு எங்கே போவாய் என்று நான் சிரித்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு, அவள் தன் பிள்ளை தலையில் வைத்துப் பழசாக்கிப் பதில் அனுப்பியிருந்தாள். கேட்டால் ஆகாதுதான். கேட்டு நான் நூலைக் கொடுத்தால், பிறக்காத பிள்ளைக்கு நானே புதுசு எடுத்து வைத்ததாகிவிடும். அதற்காகத்தான் என்னைத் தொட விடாமல் பின்னக் கற்றாள், திருடி என்ற பேரையும் வாங்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய பேரையும் கிணற்றடியில் நான் கொடுத்தேன்.

இதெல்லாம் புரிந்தபோது தொப்பி என் மடியில் வெறும் நூலாகக் கிடந்தது. அதைத் திரும்பப் பின்ன எனக்கு அரை நாள் போதும். பின்னினால் அது புதுசு. மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அம்மா தன் பழஞ்சேலையைக் கிழித்துப் பிள்ளை தலையில் கட்டினாள். நான் அந்த நூலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் மூச்சைக் கேட்டபடி கிடந்தேன். 

மூன்றாம் மாதம்தான் அனுப்புவது வழக்கம். நாற்பது நாள் முடிந்ததுமே புறப்பட்டுவிட்டேன். அதற்குள் தொப்பியைப் பின்னி முடித்திருந்தேன், அந்த முடிகளை நூலிலிருந்து எடுக்காமல்.

அக்கா அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அவள் மடியில் கிடத்தித் தொப்பியைப் பக்கத்தில் வைத்தேன்.

"பிரிச்சிட்டேன் அக்கா. திரும்பப் பின்னிட்டேன். இப்பம் இது புதுசு."

அவள் என் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "உள்ள என்னத்தத் தேடுன?"

"தாயத்து" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. "மருந்து. என்னமும் இருக்கும்னு."

அக்கா சிரிக்கவில்லை. கடைக்குட்டியைக் கூப்பிட்டாள். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்த அந்தப் பிள்ளை, சிவப்பைக் கண்டதுமே அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டது. அக்கா தொப்பியை எடுத்தாள். இரண்டு கையாலும் இழுத்து அகலமாக்கித் தன் தலையிலேயே வைத்து அழுத்திக்கொண்டாள். அது கொண்டைக்கு மேல் உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"நாலு பெத்தவ தலைதான இதும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்தாள்.

பத்து நாள் அந்தக் கோலத்தில்தான் சமைத்தாள், தண்ணீர் எடுத்தாள். தெருவே சிரித்தது. பத்தாம் நாள் கழற்றி என் மகள் தலையில் போட்டாள். இழுபட்டுப் போயிருந்ததால் அது கண்வரை இறங்கியது. என் மகள் நின்றாள். பின்னால் வந்த பிள்ளைகளும் நின்றார்கள். தொப்பி நிறுத்தியதா, தேவன் நிறுத்தினாரா என்று நான் உபதேசியாரிடம் கேட்டதில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. "அதெல்லாம் எப்பமோ மன்னிச்சாச்சு. சாப்பிடு" என்பாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் நான் திரும்பி வந்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டு வைத்தவள், என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து, என் கண்ணெதிரே தன் வாயில் போட்டு விழுங்கிவிட்டுத்தான் தட்டை என் பக்கம் தள்ளினாள். அடுத்த நாளும் அப்படித்தான். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரே அடுப்பில் இருந்தவரைக்கும் என் தட்டில் முதல் கவளம் அவள்தான் சாப்பிட்டாள்.